தோல் தண்ணி

கடலோரக் கழிமுக ஆய்வுக் கழகத்தில் தானும் ஒரு உறுப்பினர் என்று அம்பிகா சொன்னால், வாணியம்பாடியில் முதலில் வருகிற கேள்வி, "எந்தக் கழகம்?" என்பதுதான். கட்சி இல்லை, ஆற்று மண்ணை ஆராய்கிற கழகம் என்று விளக்கினால் அடுத்த கேள்வி அதைவிட மோசமாக இருக்கும். "கடலு எங்க இருக்குது, நீ எங்கக்கா இருக்கிற?" என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாலாறு கடலில் விழுகிற வாயில், இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கிற அந்தக் கழிமுகச் சேற்றில், தோல் பதனிடப் போடுகிற குரோமியம் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்கப் புறப்பட்ட கழகம் அது. கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணிதான் தலைவர். மற்ற ஆட்களெல்லாம் கடல் வாயிலேயே படகு கட்டிக் கிடந்தபோது, "சாப்பாட்ட இலையில பாத்தா போதுமா, அடுப்பாண்ட போய்ப் பாக்க வேணாமா?" என்று சொல்லி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆள் தேடி வந்தவர் அவர்தான். தோல் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்பிகா அவருக்கு அகப்பட்டாள். அவள் சேர்ந்தாள், அவளைப் பார்த்து மகள் பாரதி கடல் உயிரியல் படிக்கப் போனாள், இப்போது தாயும் மகளும் ஒரே கழகம்.

கழகத்துக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. வருஷா வருஷம் காய்ந்து கிடக்கிற ஆற்று மணலில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் அடியில் பிளாஸ்டிக் குழாயை அடித்து இறக்கி, மண்ணை அடுக்குக் கலையாமல் எடுப்பார்கள். முதல் வெள்ளம் எதை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த வெள்ளத்துக்கு முந்தின மண் வேண்டும். கோடையிலேயே போய் எடுத்துவிட்டால் கணக்குக்கு உதவாது. அதனால் மேலே ஆந்திரப் பக்கம் மழை பிடித்த பிறகு, ஆறு வருமா வராதா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிற நாளாகப் பார்த்துத்தான் குழியில் இறங்குவார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஆறு வருகிற மேல்பக்கத்தில், வாணியம்பாடிப் பாலத்தில் ஒருவர் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு வருகிறது என்று பாலத்திலிருந்து போன் வந்தால் போட்டது போட்டபடி கரையேறிவிட வேண்டும். அந்தப் பாலத்தில் நிற்கிற ஆள் அம்பிகா.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. தேடுவது உலோகம் என்பதால் குழியில் இறங்குகிறவர் மேல் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. தோடு, வளையல், மோதிரம், பெல்ட், வாட்ச், போன் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வேனில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கரையில் ஒருத்தர் மட்டும் கையில் போனோடு நிற்பார். இந்த வருஷம் அந்த வேலை சூரியபிரகாஷ் என்ற ஆராய்ச்சி மாணவனுக்கு. குழிக்குள் பாரதியும் அவளோடு படிக்கிற ஜோசுவாவும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிற ஜெயம்மாளின் ஒரே பிள்ளை ஜோசுவா. குழி மேட்டில் கோதண்டபாணி. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தை ஒட்டிய ஆற்றுப் படுகை. இவ்வளவுதான் ஆட்கள், இதுதான் இடம்.

போன வருஷத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்பிகா செய்தது விளங்காது. தோல் பதனிடுகிற பட்டறைகளை இங்கே தோல் ஷாப் என்பார்கள். மழை வந்தால் சில தோல் ஷாப்புக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தொட்டியில் தேக்கி வைத்த கழிவை மழையோடு மழையாகத் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலக் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள். அது கறுப்பாக, நுரை கக்கிக்கொண்டு, குடலைப் புரட்டுகிற நாற்றத்தோடு ஆற்றில் இறங்கும். ஊரில் அதற்குப் பெயர் தோல் தண்ணி. கொஞ்ச தூரம் ஓடும், அரை மணியில் மணல் குடித்துவிடும். போன வருஷம் அம்பிகா அதைப் பார்த்துவிட்டு ஆறு வந்துவிட்டது என்று போன் செய்தாள். குழியில் இருந்தவர்கள் பாதி இறக்கின குழாயை விட்டுவிட்டு விழுந்தடித்துக் கரையேறினார்கள். மாலை வரை கரையில் நின்றும் ஒரு செம்புத் தண்ணீர்கூட வரவில்லை. அன்று இரவு பெய்த மழையில் குழி சரிந்தது, ஒரு வருஷ வேலை போயிற்று.

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கோதண்டபாணி மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் நம்ம கழகம் ஒரு புது நதியக் கண்டுபிடிச்சிருக்கு, அம்பிகா நதி" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எல்லாரையும் அப்படித்தான் சீண்டுவார். ஆனால் மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்பிகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்தை மோந்தவள், லேபில் அந்தத் தண்ணீரைக் குடுவை குடுவையாகச் சோதித்தவள், அவளுக்கே தோல் தண்ணிக்கும் ஆற்றுத் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் எப்படி? இனி ஒரு தடவை யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று மனதில் கறுவிக்கொண்டாள்.

அந்தக் கறுவல்தான் இந்த வருஷம் பாலத்தில் நின்றது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். வானம் மூடிக் கிடந்தது, ஆனால் வாணியம்பாடியில் தூறல்கூட இல்லை. படுகையின் நடுவில் கருவேலம் புதருக்கு இடையே ஏதோ மின்னியது. பிறகு அது நாக்கு நாக்காகப் பிரிந்து, மணலை நனைத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் வந்தது. கறுப்பு, மேலே அழுக்கு வெள்ளையில் முழங்கால் உயரத்துக்கு நுரை. நாற்றம் மேலே ஏறி வந்து மூக்கில் அடித்தது. பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். அம்பிகா திட்டவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வா, இந்தத் தடவை நீ என்னை ஏமாற்ற முடியாது என்பது போல அதைப் பார்த்தாள். சூரியபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"சூரியா, தண்ணி எறங்குது. ஆறு இல்ல, தோல் தண்ணி."

"நிச்சயமாக்கா? சார் கேக்கறாரு."

"கறுப்பா நுரையோட வருது, நாத்தம் தாங்கல. இதுகூடவா எனக்குத் தெரியாது? அரை மணில நின்னுடும். நீங்க வேலயப் பாருங்க."

"சரிக்கா. கடைசிக் குழாய் அடில மாட்டிக்கினு வர மாட்டேங்குது. பயமில்லன்னா நானும் எறங்கி ஒரு கை குடுக்கறேன்."

"போ, போய் இழு. நான்தான் இங்க நிக்கிறேனே."

அவன் போனான். கட்டுப்பாடு தெரிந்த பையன், போனைக் கழற்றி டப்பாவில் போட்டு வேனைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினான்.

அம்பிகா பாலத்தின் முனையில் டீ வாங்கிக் குடித்தாள். உப்பு மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த வாஹித் பாஷா, தன் டாடா ஏஸை ஓரம் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தான். அவள் லேபுக்குத் தோல் துண்டுகள் கொண்டு வந்து போடுகிறவன்தான், தெரிந்த ஆள்.

"இன்னாக்கா, ஆறு வந்துச்சா?"

"ஆறும் இல்ல ஒண்ணும் இல்ல பாய். தோல் தண்ணி."

"சனியன் புடிச்சவனுங்க. கம்மியாவாவது வுடறானுங்களா பாரு."

டீ முடிந்தது. அரை மணியும் முடிந்தது. தண்ணீர் நிற்கவில்லை. அம்பிகா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாள். தூணில் கறுப்பு ஏறியிருந்த இடத்துக்கு மேலே ஈரம் ஏறியிருந்தது. இன்றைக்கு ஜாஸ்தியாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனுஷ மனசு இருக்கிறதே, தான் ஒன்று சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி கண்ணையும் மூக்கையும் திருப்பி வைத்துக்கொள்ளும். நுரை மெலிந்துகொண்டு வந்தது. கறுப்பு கலங்கிச் செம்மண் நிறமாக மாறியது. அதையும் அவள் பார்த்தாள், பார்த்தும் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது ஒரு மூங்கில் புதர் வந்தது. வேரோடு, வேரில் ஒட்டின மண்ணோடு, பச்சை இலை ஒன்று வாடாமல், புதர் அப்படியே புரண்டு புரண்டு வந்து தூணில் மோதி நின்றது. பின்னாலேயே ஒரு வைக்கோல் போரின் பாதி. அதற்குப் பின்னால் கால் விறைத்த ஒரு ஆடு.

தோல் ஷாப்பில் மூங்கில் வளராது.

அப்போதுதான் அம்பிகாவுக்கு விளங்கியது. மேலே எங்கோ ஏரி உடைத்துக்கொண்டிருக்கிறது. வந்த வெள்ளம் கரையோரத்துக் கழிவுத் தொட்டிகளுக்குள் முதலில் புகுந்து, அங்கிருந்த கறுப்பையும் நுரையையும் வழித்துத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் பார்த்தது வெள்ளத்தின் முகம். அதைத்தான் தோல் தண்ணி, வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அரை மணிக்கு மேல் அது அவர்களை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

சூரியபிரகாஷுக்குப் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பாரதிக்குப் போட்டாள். கோதண்டபாணிக்குப் போட்டாள். ஜோசுவாவுக்குப் போட்டாள். ஒவ்வொன்றும் கடைசி வரை அடித்து ஓய்ந்தது. பூட்டின வேனுக்குள் ஒரு டப்பாவில் நாலு போனும் ஒன்று மாற்றி ஒன்று கத்துவது அவளுக்குக் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. போலீசுக்குப் போட்டாள். எடுத்தவர் எந்த ஸ்டேஷன் எல்லை என்றார், எந்தக் கரை என்றார், அனுமதி வாங்கினார்களா என்றார். ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"பாய், வண்டிய எடுங்க" என்றாள். "எம்பொண்ணு ஆத்துல இருக்குறா."

வாஹித் பாஷா எதற்கு, எங்கே என்று கேட்கவில்லை. வண்டி ரோட்டில் ஏறின பிறகுதான் இடத்தைக் கேட்டான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனைத் தடவினான்.

"எங்க அக்கா மஹ்பூபி அந்த ஊருதான். ஆத்தோரம்தான் ஊடு." எடுத்ததும், "ஆபா, ஆத்துல யாரோ குழி தோண்டிக்கினு இருக்காங்களா? போயி கத்து. தண்ணி வருதுன்னு கத்து. எதும் கேக்காத, ஓடு" என்றான்.

அம்பிகாவுக்கு மூச்சு வந்தது. வண்டி ஹைவேயில் லாரிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓடியது. இடது பக்கம் மரங்களுக்குப் பின்னால் ஆறு கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. அது முந்துகிறதா, தான் முந்துகிறோமா என்று தெரியாமல் அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெங்கையம்மா, எம்பொண்ண மட்டும் குடுத்துடு என்று வாய் முணுமுணுத்தது. மற்ற மூன்று பேர் ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி வாயைத் திறந்தபோது அதே வேண்டுதல்தான் வந்தது, எம்பொண்ண மட்டும் என்று. பெற்றவள் வாயில் வேறென்ன வரும்.

ஹைவேயை விட்டு இறங்கியதும் ரயில் கேட். மூடிக் கிடந்தது.

முன்னால் இரண்டு டிராக்டர், ஒரு பள்ளிக்கூட வேன். வாஹித் பாஷா ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. அம்பிகா இறங்கி ஓடி கேட்கீப்பரிடம் போய் நின்றாள். அவர் இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். சிக்னல் விழுந்தாச்சும்மா, இனி என் கையில் இல்லை என்றார். அவளுடைய புருஷன் காசி ஜோலார்பேட்டையில் ரயில்வேயில்தான் இருந்தார். அவருக்குப் போட்டாள்.

"கேட்ட தொறக்கச் சொல்லு."

"எந்த கேட்டு? இன்னா ஆச்சு அம்பிகா?"

"நீ ரயில்வேதானே, சொல்லேன். தொறக்கச் சொல்லேன்."

"வண்டி உள்ள வந்துட்டா யாரு சொன்னாலும் தொறக்க மாட்டாங்க. இன்னா ஆச்சுன்னு சொல்லு. பாரதி எங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள். கேட்டுக்கு அடியில் குனிந்து தாண்டப் போனவளைக் கேட்கீப்பர் தோளைப் பிடித்து இழுத்தார். கூட்ஸ் வண்டி வந்தது. இவ்வளவு நீளமான வண்டியை அவள் பார்த்ததில்லை. பெட்டி பெட்டியாக நிலக்கரி, ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் போனது. பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு துண்டு துண்டாகத் தெரிந்தது. அதற்கு அப்பால்தான் ஆறு. வண்டிச் சத்தத்தையும் மீறி இன்னொரு இரைச்சல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் பிடிபடவில்லை. கடைசிப் பெட்டி தாண்டியதும் கேட் தூக்கும்வரைகூடக் காத்திருக்காமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். செருப்பு ஒன்று கல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

தோப்பு முடிகிற இடத்தில் கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஆறு, கரைக்குக் கரை, செந்நிறத்தில், சுழித்துக்கொண்டு போனது. காலையில் அவள் வந்து பார்த்துவிட்டுப் போன மணல், குழி, குழிக்கு மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய், ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் குழி இருந்தது என்று கை காட்டக்கூட முடியாது.

கோதண்டபாணி ஈர மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மூக்குக் கண்ணாடி இல்லை. சூரியபிரகாஷ் ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அம்பிகா இருவரையும் பார்த்தாள், இருவரையும் தாண்டிப் பார்த்தாள்.

"தோ, இங்க கீறா" என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டது. மஹ்பூபிதான். அவள் மடியில் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு பாரதி சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் சேறு, உதடு நீலம் பூத்திருந்தது, ஆனால் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அம்பிகா விழுந்து மகளைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினாள், காதைத் தடவினாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். முழுசாக இருந்தாள். சூடாக இருந்தாள். அம்பிகா சத்தம் போட்டு அழுதாள். கெங்கையம்மா குடுத்துட்டியே, குடுத்துட்டியே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தன் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமான ஒரு நிமிஷம் அவளுக்கு இருந்ததில்லை. அந்த நிமிஷத்தை நினைத்துப் பின்னால் அவள் எத்தனை நாள் தன்னையே வெறுத்தாள் என்பது வேறு விஷயம்.

பாரதி திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா, ஜோசுவா" என்றாள்.

அம்பிகா நிமிர்ந்தாள். மஹ்பூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரையில் நின்றவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"இந்த அக்கா வந்து கத்தினாங்கம்மா" என்றாள் பாரதி. குரல் உடைந்து உடைந்து வந்தது. "தண்ணி வருது, ஏறுங்கன்னாங்க. சார் ஏறுங்கன்னு சொல்லிட்டாரு. சூரியாவும் அவரும் நடந்துட்டாங்க. ஜோசுவாகூட ஏறிடலாம்டின்னான். நான்தான்மா, எங்கம்மா பாத்துட்டுதான் சொல்லியிருக்காங்க, அது தோல் தண்ணி, இன்னும் ரெண்டு இழுப்புல குழாய் வந்துடும், போன வருஷம் மாதிரி வுட்டுட்டு ஓட வேணாம்னேன். அப்ப கறுப்பா வந்துச்சும்மா. பாத்தியா, எங்கம்மா சொன்னாங்கல்லன்னு அவன்கிட்ட சொன்னேன். அவனும் சிரிச்சான்."

அம்பிகா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் குழி ஓரம் இடிஞ்சுது. அவன் கையக் கோத்துக் காமிச்சான், கால வையின்னான். என்னத் தூக்கி மேல வுட்டுட்டான். சூரியா திரும்பி வந்து கயிறு போட்டான், நான் புடிச்சுக்கினேன். திரும்பிப் பாத்தா குழி இல்லம்மா. குழியே இல்ல."

கோதண்டபாணி தரையிலிருந்தே பேசினார். "அவங்கள இழுத்துக்கினு ஏறியிருக்கணும். நான் முன்னாடி ஏறிட்டேன். எழுபது வயசுக் கெழவன் நான் ஏறிட்டேன் அம்பிகா" என்றார். கூட்டத்தில் யாரோ தீயணைப்புக்குச் சொல்லியாச்சு என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்தார்கள், கயிறும் டயர் டியூபும் எடுத்துக்கொண்டு கரையோரம் நடந்தார்கள், தண்ணீரின் வேகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கீழே ஆம்பூர் வரைக்கும் சொல்லிவிட்டோம், ஒதுங்கினால் தெரியும் என்றார் அவர்களில் ஒருவர்.

ஜெயம்மாளை ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை உடுப்பான நீலக் கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. ஆற்றை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்கவேயில்லை. நேராகப் பாரதியிடம் வந்து, தன் முந்தானையை இழுத்து அவள் தலையைத் துவட்டினாள்.

"நீயாவது வந்தியே கண்ணு" என்றாள். "அழுவாத. அவனுக்கு நீச்சல் தெரியும். ஏலகிரி ஏரியில எல்லாம் நீஞ்சியிருக்கான். எங்கனா மரத்தப் புடிச்சுக்கினு இருப்பான். யேசப்பா வுட மாட்டாரு."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெயம்மாள் எழுந்து அம்பிகாவின் முன்னால் வந்து நின்றாள். அம்பிகாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் நடுக்கம் இல்லை. அதுதான் அம்பிகாவால் தாங்க முடியாமல் இருந்தது.

"அக்கா, இவங்கள்லாம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லுக்கா. இந்தத் தண்ணி எப்ப வடியும்? எங்க போய் ஒதுக்கும்? நீ ஆத்த வருஷக்கணக்கா பாக்கறவ. பாரதியோட அம்மா ஆத்தப் பத்தி சொன்னா தப்பாவே ஆவாதும்மான்னு எம்புள்ள ஊட்ல சொல்லிக்கினே இருப்பான். நீ ஒரு வார்த்த சொல்லு, போதும். அங்க போயி நான் நின்னுக்கறேன்."

கோதண்டபாணி கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "அம்மா, நான் இந்தக் கழகத்தோட தலைவர், பொறுப்பு என்னுது" என்று ஆரம்பித்தார். பாரதி கம்பளிக்குள்ளிருந்து, "ஆன்ட்டி, நான்தான்" என்றாள். இரண்டு பேரும் தன்னை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறார்கள் என்று அம்பிகாவுக்குத் தெரிந்தது. அப்படியே விட்டுவிடலாம். ஆம்பூருக்குக் கீழே எங்கேயாவது ஒதுங்கும், போய் நில்லு என்று ஒரு இடத்தைச் சொல்லி அனுப்பிவிடலாம். இந்த அம்மாள் நம்பிக்கொண்டு போய் அங்கே நிற்பாள். ராத்திரி முழுக்க நிற்பாள்.

மகளைக் கேட்டு அழுத வாயால் ஒரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"எம்பேச்சக் கேக்காத ஜெயம்மா" என்றாள். "எம்பேச்சக் கேட்டுதான் அவன் குழியில இருந்தான்."

ஜெயம்மாளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவள் அம்பிகாவின் கையை விடவில்லை.